பனியன் பட்டணத்தில் ஒரு கலைப் பாடம்

திருப்பூருக்கு வியாபாரத்தின் பொருட்டுப் போகிறவர்கள் உண்டு. வேலை தேடிப் போகிறவர்கள் அவர்களினும் பன்மடங்கு உண்டு. கலையைக் கற்கும் பொருட்டு ஒருவர் திருப்பூருக்குப் போனார் என்று சொன்னால் கேட்பவர்கள் நகைக்கக்கூடும். கலைக்கு மாமல்லபுரம் இருக்கிறது, தஞ்சாவூர் இருக்கிறது, பனியனுக்கன்றோ திருப்பூர்? ஆயினும், இன்று கலைக் கல்லூரிகளில் வேரூன்றி வரும் ஒரு படிப்பைப் பற்றி நினைக்குந்தோறும், அதற்குத் தகுந்த பாடசாலை தமிழ் நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. சென்ற கோடை விடுமுறையில் இந்த எண்ணத்தோடேயே திருப்பூர், சென்னிமலை, கொடுமணல் ஆகிய ஊர்களைச் சுற்றி வந்தோம். கண்டவற்றையும் கருதியவற்றையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அது என்ன படிப்பு?

பொருட்காட்சிசாலையில் உள்ள பொருள்களைப் பாதுகாத்து, ஆராய்ந்து, ஒழுங்குபட வைத்துக் காட்டும் உத்தியோகஸ்தரை நாம் காப்பாட்சியர் என்கிறோம். ஆங்கிலத்தில் அவருக்கு வழங்கும் பெயரும், பேணுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததே. முற்காலத்தில் இந்த வேலையை ஒருவர் அனுபவத்தினாலேயே கற்றுக்கொண்டார். சென்னைப் பொருட்காட்சிசாலை 1851-ஆம் வருஷம் தொடங்கப்பட்டபோது அதைக் கவனித்துக் கொண்ட எட்வர்ட் பால்பர் ஒரு வைத்தியர். அதற்கு முந்தின வருஷம் சென்னையில் கலைப் பள்ளியைத் தோற்றுவித்த அலெக்சாண்டர் ஹண்டரும் ஒரு வைத்தியரே. நாடி பார்த்த கைகளே சிலைகளையும் சித்திரங்களையும் பார்த்துக் கொண்டன!

காலம் மாறிற்று. பரோடா சர்வகலாசாலையில் 1952-ஆம் வருஷத்திலேயே இதற்கெனத் தனித் துறை அமைந்தது. பிரான்சு தேசத்துக் கிரெநோபில் நகரில் 1987-ஆம் வருஷமும், லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் 1992-ஆம் வருஷமும், கலைக் காட்சிகளை அமைப்பதையே பாடமாகக் கற்பிக்கும் வகுப்புக்கள் ஏற்பட்டன. கொச்சி நகரத்துப் பெருங்கலைக் காட்சியை ஒட்டி 2014-ஆம் வருஷம் தொடங்கிய மாணவர் பினாலேயில், நமது தேசத்து அரசாங்கக் கலைக் கல்லூரி மாணவர்களின் படைப்புக்களை இளம் காட்சியமைப்பாளர்களே தேடிச் சென்று, தேர்ந்து, உலகத்தார் முன் வைத்தார்கள்.

இதனோடு உடன்பிறந்த மற்றொன்று கலைவழி ஆராய்ச்சி என்பது. சரித்திரக்காரர் ஏட்டைப் புரட்டி உண்மையைத் தேடுகிறார். ரசாயன சாஸ்திரி குழாயில் தேடுகிறார். கலைஞன் தன் கண்ணாலும் கையாலும் தேடுகிறான். ஒரு தறியை நூறு முறை வரைகிறவனுக்கு, அதைப் பற்றி நூறு பக்கம் படித்தவனுக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரிந்துவிடுகின்றன. அந்த அறிவை முறைப்படுத்தி, பிறரும் சோதித்துப் பார்க்கும்படி எடுத்துரைப்பதே இவ்வாராய்ச்சி. நமது குடும்பங்களில் ஒரு பிள்ளையோ பெண்ணோ சித்திரக் கல்லூரியில் சேர வேண்டுமென்று சொன்னால், தாயார் கண்ணைத் துடைத்துக் கொள்வதும், தகப்பனார் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக் கொள்வதும் இன்றும் நடப்பதுதான். அப்படிப்பட்ட பெற்றோர்களை உத்தேசித்தே இவ்வளவு விரிவாகச் சொன்னோம். இனி ரயிலை விட்டு இறங்குவோம்.

கண்ணி என்னும் அதிசயம்

திருப்பூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கொடி காத்த குமரனின் நினைவகம் அருகிலேயே இருக்கிறது. 1904-ஆம் வருஷம் சென்னிமலையில் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, 1932-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 10-ஆந் தேதி மூவர்ணக் கொடியைக் கையில் ஏந்தியபடியே தடியடி பட்டு வீழ்ந்து, மறுநாள் உயிர் நீத்த வீர இளைஞன் அவன். அக்காலத்தில் திருப்பூர் கதருக்குப் பேர் போன ஊர். 1925-ஆம் வருஷம் மகாத்மா காந்தி ஆரம்பித்த அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்கு இதுவே தலைமை ஸ்தானம். நூற்பவளும் நெய்பவனும் கொடி பிடிப்பவனும் ஒரே தெருவில் நடமாடிய காலம் அது.

அதே இருபதுகளில்தான் கையால் சுழற்றும் பின்னல் யந்திரங்களும் இவ்வூருக்கு வந்து சேர்ந்தன. கதர் ஒரு பக்கம் தேசத்தை உடுத்திக்கொண்டிருக்க, மறு பக்கத்தில் பனியன் மெல்ல வளர்ந்தது. 1970-களின் இறுதியில் வெளிநாட்டு ஏற்றுமதி தொடங்கிற்று. இன்றோ இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் பின்னலாடையில் பாதிக்கு மேல் இவ்வூரிலிருந்து போகிறது. அதன் மதிப்பு வருஷத்துக்கு முப்பதினாயிரம் கோடி ரூபாய்க்கு அதிகம். பனியன் என்ற சொல்லே பெரிய பிரயாணி. வணிகன் என்ற சொல்லின் உறவினராகிய குஜராத்தி வார்த்தை ஐரோப்பியர் நாவில் ஏறி, தளர்ந்த ஓர் அங்கிக்குப் பெயராகி, பிறகு உள்ளாடைக்குப் பெயராகி நம்மிடம் வந்திருக்கிறது.

நெய்த துணிக்கும் பின்னிய துணிக்கும் வித்தியாசம் என்ன என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? நெசவில் நெடுக்கே ஓடும் பாவு, குறுக்கே ஓடும் ஊடை என்று இரண்டு கட்சிகள். பின்னலில் நூல் தானே வளைந்து கண்ணியாகி, அந்தக் கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, அதற்குள் மற்றொன்று நுழைந்து, சங்கிலியாய் வளர்கிறது. இழுத்தால் நெகிழ்கிறது, விட்டால் சுருங்குகிறது. வட்ட யந்திரத்தில் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்க, கீழே நீண்ட குழாய் வடிவமாய்த் துணி இறங்கும் காட்சி, அருவி விழுவதைப் பார்ப்பது போல் நம்மை நிறுத்தி வைத்துவிட்டது.

சந்து ஒன்றில் இருந்த சிறு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஒருவரோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அறுபது வயதிருக்கும். அடுக்கிய துணியின் மேல் உள்ளங்கையை வைத்தவுடனேயே, "இது இன்னும் ரெண்டு நாள் கிடக்கோணுமுங்க, இப்பவே வெட்டினா துவைச்ச பொறவு சுருங்கிப் போயிரும்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "அதெப்பிடிங்க சொல்றது? கைக்குத் தெரியுதுங்க" என்று சிரித்தார். கலைவழி ஆராய்ச்சியைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ புத்தகங்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அங்கே வழங்கும் பாஷையும் தனி. கட்டிங், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், டேமேஜ் என்ற ஆங்கில வார்த்தைகளுக்கு நடுவே கைமடி, பிசிறு, அடுக்கிக் கட்டுதல் என்ற தமிழ் வார்த்தைகள் தலை நிமிர்ந்து நிற்கின்றன. பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இவ்வார்த்தைகளைத் தங்கள் உச்சரிப்பில் வழங்குகிறார்கள். எந்த அகராதிக்காரரும் கேளாமலே ஒரு புதிய சொற்கோவை இங்கே உண்டாகிக்கொண்டிருக்கிறது.

காட்சி இரண்டு விதம்

அப்படியானால், இந்த மாஸ்டரின் கையையும், இந்த வார்த்தைகளையும், பழைய இரும்புக் கடைக்குப் போகும் முதல் தலைமுறை யந்திரங்களையும் சேகரித்து ஒரு காட்சியாக வைத்துவிட்டால் போதுமா? போதாது. யாருக்காக வைக்கிறோம் என்ற கேள்வி முதலில் நிற்கிறது. இதற்குச் சரித்திரத்தில் இரண்டு உதாரணங்கள் உண்டு.

லண்டனில் இந்தியா மந்திரியின் காரியாலயத்தில் போர்ப்ஸ் வாட்சன் என்றொரு அறிஞர் இருந்தார். அவர் 1866-ஆம் வருஷம் இந்தியத் துணிகளின் மாதிரிகளைக் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். பதினெட்டுச் சம்புடங்கள், அவற்றில் 700 துணி மாதிரிகள். இத்தகைய தொகுப்புக்கள் இருபது தயாராயின. அசல் துணிகளையே கத்தரித்து, ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், எடை, விலை எல்லாம் குறித்து, அழகாக ஒட்டியிருந்தார். காப்பாட்சியருக்கு வேண்டிய பொறுமை, நுட்பம், ஒழுங்கு யாவும் அவரிடம் பூரணமாக இருந்தன. இருபதில் பதின்மூன்று பிரிட்டனில் தங்கின. ஏழு இந்தியாவுக்கு வந்தன. இந்தியர் எதை உடுக்கிறார்கள், எப்படி உடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் கற்றுக்கொண்டு, அதே மாதிரித் துணியை இங்கே கொண்டுவந்து விற்க வேண்டும் என்பதே பிரதான நோக்கம். நெசவாளி தன் துணியைக் காட்டினான். அந்தக் காட்சியே அவன் தறிக்குப் போட்டியாயிற்று. அத்தொகுப்பு இல்லாவிட்டால் அந்தத் துணிகளில் பல இன்று கண்ணால் காணக் கிடைக்கமாட்டா என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். நல்ல பாதுகாப்பும் நல்ல நோக்கமும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை.

மற்றொரு உதாரணம் நமக்கு நெருங்கியது. சாந்திநிகேதனத்தில் 1919-ஆம் வருஷம் ரவீந்திரநாதர் ஸ்தாபித்த கலாபவனத்தின் தலைவராக விளங்கியவர் நந்தலால் போஸ். காந்தியடிகள் அவரைக் கூப்பிட்டு, காங்கிரஸ் மகாநாடுகளுக்குக் கலைக் காட்சி அமைத்துத் தரும்படி சொன்னார். 1936-ஆம் வருஷம் லக்னோ மகாநாட்டில் நந்தலால் இந்தியக் கலையைக் காட்சியாக வைத்தார். அவ்வருஷக் கடைசியில் பைஸ்பூர் என்னும் கிராமத்தில் மகாநாடு கூடியபோது, மூங்கிலும் கிராமத்துப் பொருள்களுமே கொண்டு பந்தல்களை எழுப்பினார். 1938-ஆம் வருஷம் ஹரிபுராவில், நூற்பவள், பஞ்சு கொட்டுகிறவன், குயவன், தச்சன், தையற்காரன் ஆகியோரைக் கையால் செய்த காகிதத்தில் பெரிய படங்களாக எழுதி, வருவோர் போவோர் பார்க்கும்படி வைத்தார். அதைப் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஜனங்கள். தங்களையே அவர்கள் அங்கே கண்டார்கள். அந்தப் படங்களில் பல இன்று டில்லியில் உள்ள நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

இரண்டு பேருமே ஆராய்ந்தார்கள், தேர்ந்தெடுத்தார்கள், வரிசைப்படுத்தினார்கள். ஒருவர் தொழிலாளியின் கையிலிருந்து அறிவை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தார். மற்றவர் தொழிலாளியின் கௌரவத்தை அவனுக்கே எடுத்துக் காட்டினார். கலைக் கல்லூரியில் காப்பாட்சியம் கற்கும் மாணவனுக்கு, ஆணி அடிப்பதற்கும் விளக்குப் போடுவதற்கும் முன்னால் இந்த வித்தியாசத்தைக் கற்பிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

நொய்யலை எந்த அறையில் வைப்பது?

திருப்பூரிலிருந்து கிழக்கே சென்னிமலைக்குப் போனோம். மலை மேல் முருகன், அடிவாரத்தில் கைத்தறி. கந்தர் சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்று பக்தர்கள் போற்றும் ஊர் இது. படுக்கை விரிப்புக்குப் பெயர் பெற்ற ஊரும் இதுவே. குமரன் பிறந்த ஊரில் தறிச் சத்தம் கேட்டபோது மனம் நெகிழாமல் இருக்கவில்லை. அங்கிருந்து மேற்கே நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 1980-களிலிருந்து நடந்த அகழ்வாராய்ச்சிகளில், மணிக்கற்களைப் பட்டை தீட்டிய தொழிற்கூடங்களும், தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்களிகளும் இங்கே கிடைத்தன. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் யாரோ ஒருவர் தம் பெயரைப் பானையில் கீறி வைத்தார். ஓட்டுத் துண்டில் இருந்ததால் அந்தப் பெயர் பிழைத்தது. இன்று உலகமெல்லாம் அணியும் சட்டையின் கழுத்துப் பட்டையில் வெளிநாட்டு வியாபாரியின் பெயர் இருக்கிறது; தைத்தவரின் பெயர் இல்லை.

நொய்யல் வெள்ளியங்கிரி மலைத் தொடரில் பிறந்து காவிரியில் கலக்கிறது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டிய அணை 1992-ஆம் வருஷம் முடிவடைந்தது. வயலுக்குப் போக வேண்டிய அணையில் சாயக் கழிவு தேங்கிற்று, நிலங்கள் கெட்டன, குடியானவர்கள் நியாய ஸ்தலத்தை அடைந்தார்கள். 2011-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பின் கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்ப உபயோகிக்கும் முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதற்காகத் தொழில் நடத்துவோர் பெரும் பொருள் செலவிட்டு வருகிறார்கள்.

இந்தக் கதையைத் திருப்பூர்க் காட்சியில் எந்த அறையில் வைப்பது? கடைசி அறையில், விளக்கு மங்கிய மூலையிலா? அல்லது வாசலிலேயேயா? இதுதான் காப்பாட்சியரின் பரீட்சை. ஆற்றை மறைத்து ஆடையை மட்டும் காட்டினால் அது விளம்பரம். ஆடையை மறைத்து ஆற்றை மட்டும் காட்டினால் லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட உழைப்புக்குத் துரோகம். இரண்டையும் ஒரே சுவரில் வைத்து, பார்ப்பவர் தாமே யோசிக்கும்படி செய்வதற்குத்தான் படிப்பு வேண்டும். நேர்மை அதற்கு மேலும் வேண்டும்.

சாயம் போகாத சிலர்

தமிழ் நாட்டுக் கலைஞர்களுக்கும் துணிக்கும் உள்ள உறவு புதியதன்று. சென்னைக் கலைப் பள்ளிக்கு 1929-ஆம் வருஷம் முதல் இந்தியத் தலைவராக வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையை அமைத்தவர். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும், துணியில் மெழுகு தோய்த்துச் சாயமிடும் பாடிக் வேலை செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு 1966-ஆம் வருஷம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உண்டாக்கினார்கள். சித்திரம் சோறு போடாத காலத்தில் துணி சோறு போட்டது. காந்தியடிகளைக் கோட்டுச் சித்திரங்களாகத் தீட்டிப் புகழ் பெற்ற கே. எம். ஆதிமூலம், நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர். ஆமதாபாத்தில் 1949-ஆம் வருஷம் சாராபாய் குடும்பத்தார் தொடங்கிய காலிகோ துணிக் காட்சிசாலைக்கு யோசனை கூறியவர், தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, பாஸ்டன் நகரக் காட்சிசாலையில் இந்தியக் கலையைப் பேணி வந்த ஆனந்த குமாரசாமி. ஆலை முதலாளிகளின் ஊராகிய ஆமதாபாத்துக்கு அந்தப் பாக்கியம் கிட்டிற்று.

திருப்பூரில் 1997-ஆம் வருஷத்திலேயே ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியால் பின்னலாடைக்கென்று ஒரு கல்லூரி ஏற்பட்டிருக்கிறது. அங்கே நாளைய ஆடையை வரையக் கற்பிக்கிறார்கள், மிகவும் நல்லது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசாங்கக் கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தக் கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு பருவத்தைத் திருப்பூரில் கழிக்கலாகாதா? ஓவியம் பயில்பவன் மாஸ்டரின் கையை வரையட்டும். சிற்பம் பயில்பவள் பழைய யந்திரத்தின் உறுப்புக்களை அளந்து குறிக்கட்டும். பின்னலாடை மாணவி முப்பது வருஷத்துச் சாம்பிள் துணிகளைத் தேதி வாரியாக அடுக்கட்டும். எல்லோரும் சேர்ந்து அதை முதலில் பாரிஸுக்கோ டில்லிக்கோ கொண்டு போகாமல், காதர்பேட்டைச் சந்தை கூடும் இடத்தருகே ஒரு மண்டபத்தில் வைக்கட்டும். ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உள்ளே நுழைந்து பார்க்கும்படி இரவு பத்து மணி வரை திறந்திருக்கட்டும். எழுத்துப் பலகைகள் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரியாவிலும் இருக்கட்டும்.

இந்த யோசனையை அந்த மாஸ்டரிடம் சொன்னோம். "ஏனுங்க, நாம வேலை செய்யறதையா காட்சி வெப்பாங்க? அதையாருங்க வந்து பாப்பாங்க?" என்று கேட்டார். பக்கத்தில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த அம்மாள், கத்தரியை நிறுத்தாமலே, "எம்பேரன் பாப்பானுங்க. நான் என்ன வேலைக்குப் போறேன்னு அவனுக்கு எங்கீங்க தெரியும்?" என்றாள்.

நாம் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை; சொல்ல வேண்டியதை அந்த அம்மாளே சொல்லிவிட்டாள். காட்சிசாலை எழும்பச் சில வருஷங்கள் ஆகலாம். அதுவரை காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. இதைப் படிக்கும் குடும்பங்களில், தறியிலோ ராட்டையிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்த பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாண்ட கருவிகளின் பெயர்களையும், வேலை கற்றுக்கொடுத்தவரின் பெயரையும், முதற் சம்பளத்தையும் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பழைய புகைப்படம் இருந்தால் அதன் பின்புறத்தில் ஊரையும் வருஷத்தையும் குறித்து வையுங்கள். நாளைக்குக் கலைக் கல்லூரியிலிருந்து ஒரு மாணவனோ மாணவியோ வந்து கதவைத் தட்டும்போது, எடுத்துக் கொடுப்பதற்கு வீட்டில் ஏதேனும் இருக்க வேண்டும் அல்லவா?